வாரண்டி முடிந்து 2 மாதத்தில் லாரி எஞ்சின் ஜாம்: நிறுவனத்திடம் உதவி கேட்பது எப்படி?

கொல்லிமலை அடிவாரம் (நாமக்கல் மாவட்டம்)

வணக்கம். 2021 மார்ச் மாதம் வாங்கிய எனது பன்னிரண்டு சக்கர பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) லாரியின் எஞ்சின், 2,96,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில், 2025 மே மாதத் தொடக்கத்தில் ஓட்டத்திலேயே ஜாம் ஆகிவிட்டது. எஞ்சினுக்கு நிறுவனம் கொடுத்திருந்த வாரண்டி 4 ஆண்டு அல்லது 4 லட்சம் கிலோமீட்டர், இரண்டில் எது முந்துகிறதோ அது. கிலோமீட்டரில் இன்னும் ஒரு லட்சம் மிச்சமிருக்க, ஆண்டுக் கணக்கில் 2 மாதம் தாண்டிவிட்டது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. பேச்சு முடியாத விஷயத்தில் பெயரை இழுப்பது முறையன்று, கேள்விக்கு அது தேவையும் இல்லை.

லாத்தூரில் சோயாப் புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு கோழித் தீவன ஆலைக்கு வந்துகொண்டிருந்தோம். சித்ரதுர்காவைத் தாண்டி ஹிரியூருக்கு முன்னால் ஒரு சிறு ஏற்றத்தில் இழுவை திடீரெனக் குறைந்தது. ஓரிரு நிமிடத்தில் அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. ஓரம் கட்டுவதற்குள் எஞ்சின் தானாகவே நின்றுவிட்டது. அப்போது ஓட்டியவன் நான்தான். சூடு காட்டும் முள் நடுவில்தான் இருந்தது, ஆயில் பிரஷர் விளக்கும் எரியவில்லை. லோடை வேறு வண்டிக்கு மாற்றி அனுப்பிவிட்டு, லாரியை இழுத்துவந்து எங்கள் ஊருக்கு அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் நிறுத்தியிருக்கிறேன். லோடு மாற்றிய கூலிக்கும் இழுவைக்கும் மட்டும் 58,000 ரூபாய் போய்விட்டது.

இது ஒரே நாளில் வந்த கோளாறு அன்று. 2024 நவம்பரிலிருந்தே ஆயில் குறைந்துகொண்டிருந்தது. முதலில் 1,000 கிலோமீட்டருக்கு 2 லிட்டர், பிறகு 3 லிட்டர். 2024 நவம்பரிலும் 2025 ஜனவரியிலும் இதே சர்வீஸ் மையத்தில் புகார் சொன்னேன். இரண்டு ஜாப் கார்டும் (மையம் எழுதித் தரும் வேலைச் சீட்டு) என் கையில் இருக்கின்றன. "வெளிக்கசிவு இல்லை, ஆயில் ஊற்றிக் கவனிக்கவும்" என்று எழுதி அனுப்பினார்கள். அதே காலத்தில், டி.பி.எஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வதைக் காட்டும் ரீஜெனரேஷன் விளக்கும் வழக்கத்தைவிட அடிக்கடி எரிந்தது.

இப்போது அவர்கள் சொல்வது: ஆயில் இல்லாமல் ஓட்டியதால் எஞ்சின் போயிற்று, வாரண்டியும் முடிந்தது, செலவு 6,40,000 ரூபாய். நிறுவனத்தின் ஏரியா மேனேஜர் தொலைபேசியில் பேசி, பாகங்களின் விலையில் 30 சதவீதம் குறைத்துத் தர முயல்வதாகச் சொன்னார். எழுத்தில் எதுவும் தரவில்லை. எஞ்சினைப் பிரிக்கச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். மாதத் தவணை 71,000 ரூபாய். இன்னும் 10 தவணை பாக்கி. கையெழுத்துப் போடலாமா, 30 சதவீதத்தை ஏற்கலாமா, நிறுவனத்திடம் முறையாகக் கேட்கும் வழி என்ன என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

சங்ககிரிப் பட்டறை

தம்பி, அந்தத் தாளில் இன்று கையெழுத்துப் போட வேண்டாம். 36 ஆண்டுகளாக எஞ்சின் பிரித்துப் பூட்டுகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன். எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் நீங்களும், உங்களுக்கு நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கும் பக்கத்தில் நிற்கும் நாளில்தான் பிரிக்க வேண்டும். கழற்றிய பாகங்களைக் கழுவுவதற்கு முன் படம் எடுப்பேன் என்றும், எதையும் ஸ்கிராப்புக்கு அனுப்பக் கூடாது என்றும் அதே தாளில் உங்கள் கையால் எழுதி, அதன்கீழ் கையெழுத்திடுங்கள். டீசல் ஊற்றிக் கழுவிய பிஸ்டனைப் பார்த்து எவனாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஆயில் பற்றாமல்தான் போயிற்று என்றால், முதலில் அடிவாங்குவது கிராங்க் பேரிங்கும் கனெக்டிங் ராடு பேரிங்கும்தான். கிராங்கின் ஜர்னல் (பேரிங்கில் சுழலும் பகுதி) சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும், பேரிங்கின் மேல்பூச்சு இழுபட்டு வழிந்திருக்கும், டர்போவின் தண்டும் ஆட்டம் கொடுத்திருக்கும். அதைப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நானே சொல்வேன். காற்றுக் குழாயின் கிளிப் தளர்ந்து தூசி உள்ளே போயிருந்தால் கதை வேறு: ஆறு சிலிண்டரிலும் லைனரின் (பிஸ்டன் ஓடும் உள்குழாயின்) மேல்விளிம்பில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குத் தேய்மானம் விழுந்திருக்கும், டர்போவில் காற்றை இழுக்கும் பக்கத்துச் சக்கரத்தின் இதழ்கள் முனை மழுங்கியிருக்கும். கூலண்ட் குறைந்து சூடேறியிருந்தால் ஹெட் வளைந்திருக்கும், பிஸ்டன்கள் இரண்டு மூன்று சேர்ந்து பிடித்திருக்கும். இன்ஜெக்டர் ஒழுகியிருந்தால் அந்த ஒரு பிஸ்டனின் தலை அரித்தோ உருகியோ இருக்கும். ஆயிலில் டீசல் கலப்பதால் மட்டம் ஏறுமே தவிர உங்கள் வண்டியில் நடந்ததுபோல் இறங்காது.

இன்னொன்று இருக்கிறது, இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பிஸ்டனுக்கும் அடியில் ஒரு சின்ன ஜெட் இருந்து, ஆயிலைப் பீய்ச்சி பிஸ்டனைக் குளிர்விக்கிறது. அது அடைத்துக்கொண்டாலோ, முனை கொஞ்சம் விலகி வேறு பக்கம் பீய்ச்சினாலோ, அந்த ஒரு பிஸ்டன் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக ஓடும். ரிங் உட்காரும் பள்ளத்தில் ஆயில் கருகிக் கரியாகும், ரிங் ஒட்டிக்கொள்ளும், அந்தச் சிலிண்டர் ஆயிலைக் குடிக்கத் தொடங்கும், கடைசியில் பிஸ்டன் லைனரைப் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு சிலிண்டரில் சேதம், கிராங்க் பேரிங் எல்லாம் சுத்தம் என்று இருந்தால், முதலில் ஜெட்டைப் பாருங்கள். கழற்றுவதற்கு முன்பே, இருக்கிற இடத்திலேயே படம் எடுக்க வேண்டும். கழற்றிய பிறகு அது எந்தக் கோணத்தில் இருந்தது என்று நிரூபிக்க முடியாது.

ஆயில் செலவையும் கணக்காகப் பார்ப்போம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 1,000 கிலோமீட்டருக்கு 250 லிட்டர் டீசல். அதற்கு 3 லிட்டர் ஆயில் 1.2 சதவீதம். நல்ல எஞ்சின் கால் சதவீதத்துக்குள் நிற்கும், அரை சதவீதம் வந்தால் பிரித்துப் பார்ப்பது எங்கள் பட்டறை வழக்கம். பழைய லாரியாக இருந்திருந்தால் பின்னால் வருகிறவனே "நீலப் புகை வருது" என்று ஹாரன் அடித்துச் சொல்லியிருப்பான். பி.எஸ்.6 வண்டியில் டி.பி.எஃப் அந்தப் புகையைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வெளியே ஒன்றும் தெரியாது. அந்தச் சுமை தாங்காமல்தான் ரீஜெனரேஷன் விளக்கு அடிக்கடி எரிந்திருக்கும்.

கோபித்துக்கொள்ளாமல் இதற்கும் பதில் எழுதுங்கள்: இடையில் ஊற்றிய ஆயில் என்ன கிரேடு, ஏர் ஃபில்டரை யார் மாற்றினார்கள், எஞ்சினின் அடிப்பகுதியை இதற்கு முன் எவராவது திறந்தார்களா?

முன்னாள் சர்வீஸ் அட்வைசர்

ஒரு லாரி விற்பனையாளரின் சர்வீஸ் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஐயா பாகங்களைப் பற்றிச் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. அலுவலகத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

வாரண்டிச் செலவைச் சர்வீஸ் மையம் தன் கையிலிருந்து போட்டு, பிறகு நிறுவனத்திடம் கேட்டு வாங்குகிறது. நிறுவனம் தணிக்கை செய்து, காரணம் சரியில்லை என்று கண்டால் அந்தத் தொகையை மையத்தின் கணக்கிலேயே கழித்துவிடும். ஆகவே பெரிய தொகை என்றதும் மையத்துக்குத் தோன்றும் பாதுகாப்பான வார்த்தை "பராமரிப்புக் குறைவு" என்பதுதான். அந்த வார்த்தை முதல் அறிக்கையில் ஏறிவிட்டால், மேலே இருக்கிற ஒவ்வொருவரும் அதையே படித்துவிட்டு முடிவெடுப்பார்கள். எஞ்சினைத் திறக்காமலேயே காரணம் எழுதிவிட்டார்களா என்று பாருங்கள். எழுதியிருந்தால், "பிரித்துப் பார்க்காமல் இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்" என்று ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்.

எஞ்சினைத் தொடுவதற்கு முன் ஈ.சி.யூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பதிவுகளை முழுமையாக எடுத்து அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். பிழைக் குறியீடு பதிவான நேரத்தில் ஆயில் அழுத்தம், கூலண்ட் வெப்பம், எஞ்சின் சுழற்சி எவ்வளவு இருந்தன என்பது அதனுடன் சேர்ந்து பதிவாகியிருக்கும். ஆயில் அழுத்தம் குறைந்ததாக ஒரு பதிவும் இல்லையென்றால், ஆயில் இல்லாமல் ஓட்டினீர்கள் என்ற குற்றச்சாட்டு பாதி உதிர்ந்துவிடும். ரீஜெனரேஷன் எத்தனை முறை நடந்தது என்பதும் அதிலிருந்து கிடைக்கும். ஒருவர் பழைய குறியீடுகளை அழித்துவிட்டாலோ மென்பொருளைப் புதுப்பித்தாலோ இவையெல்லாம் போய்விடலாம் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாரண்டி முடிந்த வண்டிக்கு நிறுவனம் தருவதற்குக் "குட்வில்" என்று பெயர். அது உரிமை அன்று, சலுகை. ஆனால் அதற்கும் கோப்பு உண்டு, அந்தக் கோப்பில் பார்ப்பது மூன்றே: சர்வீஸ் முழுவதும் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் நடந்ததா, கோளாறு வாரண்டிக் காலத்திலேயே பதிவாகியிருக்கிறதா, வாரண்டி முடிந்து எவ்வளவு காலம் ஆயிற்று. உங்கள் கையில் இருக்கும் அந்த இரண்டு ஜாப் கார்டுகளின் மதிப்பு உங்களுக்கே முழுதாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். வாரண்டி உயிரோடு இருந்தபோது புகார் வந்தது, அவர்கள் பார்த்தார்கள், சரிசெய்யாமல் அனுப்பினார்கள் என்பதற்கு அவர்களுடைய தாளே சாட்சி. நீங்கள் கேட்க வேண்டியது வாரண்டிக்குப் பிந்தைய சலுகையை அன்று. வாரண்டிக் காலப் புகாரின் நிலுவை வேலையை.

திருச்செங்கோடு ட்ரான்ஸ்போர்ட்

எல்லாரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் லாரி நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்குத் தவணையில் மட்டும் 2,300 ரூபாய்க்கு மேல் போகிறது. வாடகை வருமானம் போவது தனி. 2022இல் எனக்கும் இப்படி ஒரு வண்டி நின்றது. நியாயம் என் பக்கம் இருக்கிறது என்று 7 மாதம் போராடினேன். கடைசியில் பாதிச் செலவைத் தந்தார்கள். அதற்குள் பேட்டரி செத்து, டயர் வெயிலில் வெடிப்பு விட்டு, காப்பீட்டுப் பிரீமியமும் ஒருமுறை கட்டி, கிடைத்ததைவிட விட்டதுதான் அதிகம். அதற்குப் பிறகு என் கொள்கை இதுதான்: பணமாகக் கேட்காதே, பாகமாகக் கேள். நஷ்டஈடு என்ற சொல்லைக் கேட்டதும் கோப்பு சட்டப் பிரிவுக்குப் போய்விடும். ஷார்ட் பிளாக் (ஹெட் இல்லாத எஞ்சின் அடிப்பாகம்), ஹெட் செட், டர்போ என்று பாகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால், ஏரியா மேனேஜரும் அவருக்கு மேலே உள்ளவரும் தங்கள் அதிகாரத்துக்குள் முடித்துக்கொடுக்க வழி இருக்கும். 30 சதவீதம் என்பது பேரத்தின் முதல் வார்த்தை; அதைக் கடைசி வார்த்தையாக நினைத்து ஏற்கவும் வேண்டாம், கோபித்துக்கொண்டு எழுந்து வரவும் வேண்டாம்.

காப்பீட்டை நம்பாதீர்கள். விபத்தால் வராத எந்திரக் கோளாறும் தேய்மானமும் சாதாரண வாகனப் பாலிசியில் அடங்காது.

கொல்லிமலை அடிவாரம்

மூவருக்கும் நன்றி. ஐயா கேட்டவற்றுக்குப் பதில்: ஆயில் மாற்றம் எல்லாமே சர்வீஸ் மையத்தில்தான், கிரேடு சி.கே-4 15டபிள்யூ-40. இடையில் ஊற்றியதில் ஏழு கேனுக்கு அதே கிரேடில் பில் இருக்கிறது. சோலாப்பூர் அருகே இரவில் கிடைக்காமல் இரண்டு முறை சி.ஐ-4 பிளஸ் என்ற வேறு கிரேடு வாங்கி ஊற்றினேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஏர் ஃபில்டர் அவர்களே மாற்றியது. 1,40,000 கிலோமீட்டரில் சம்ப்பில் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) லேசான கசிவு என்று இதே மையத்தில் சம்ப்பைக் கழற்றி கேஸ்கட் மாற்றினார்கள். அதைத் தவிர எஞ்சினை வேறு எவரும் திறந்ததில்லை.

எனக்கு இருக்கும் இன்னொரு சந்தேகம்: நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், லாரி வியாபாரத்துக்கு வாங்கியது, நீ நுகர்வோரே இல்லை என்று தள்ளிவிடுவார்கள் என்கிறார்கள். என்னிடம் இருப்பது இந்த ஒரு லாரிதான். நானே ஓட்டுகிறேன், நீண்ட தூரத்துக்கு மட்டும் மாற்றி ஓட்ட ஒரு டிரைவர் வருவார்.

வழக்குரைஞர், ஈரோடு

உங்கள் சந்தேகத்துக்கு 1995ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. லக்ஷ்மி எஞ்சினியரிங் வொர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் என்ற வழக்கு அது. எதிர்த்தரப்பு நம் கோயம்புத்தூர் நிறுவனம் என்பதால் கொங்கு நாட்டு வழக்குரைஞர்களுக்கு அது தனியாக நினைவிருக்கும். அந்த வழக்கில் எந்திரம் வாங்கியவர் தோற்றார், வணிக நோக்கத்துக்கு வாங்கினார் என்பதால். ஆனால் அந்தத் தீர்ப்பு எல்லைக்கோட்டை விளக்குவதற்கு எடுத்த உதாரணங்களில் ஒன்று லாரி. வாடகைக்கு ஓட்டுவதற்காக லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஒருவர் இருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. வாங்கிய லாரியை முழுவதும் பிறரையே ஓட்டவைப்பவர் நுகர்வோர் ஆகமாட்டார். 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும், சுயதொழிலால் வாழ்க்கை நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்ற விளக்கம் பிரிவு 2(7)இல் தொடர்கிறது. ஆகவே உங்கள் ஓட்டுநர் உரிமம், உங்கள் பெயரிலுள்ள ஃபாஸ்டேக் கணக்கு, நீங்கள் கையெழுத்திட்ட லோடு ரசீதுகள், இந்த ஒரு லாரிதான் உண்டு என்பதற்கான சான்று ஆகியவற்றை இப்போதே எடுத்து வையுங்கள். திருச்செங்கோட்டு நண்பரைப் போலப் பல வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாததாக இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை கட்டணம் 1,000 ரூபாய். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன்பே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்துவிடுங்கள். உங்களுக்குச் செலவில்லை, நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு விஷயம் நேராகப் போய்ச் சேரும்.

ஆனால் ஆணையத்தில் தோற்கும் வாகன வழக்குகளில் பெரும்பாலானவை எங்கே தோற்கின்றன என்றால், உற்பத்திக் குறை இருந்தது என்று நிரூபிக்கும் இடத்தில்தான். அந்தப் பொறுப்பு புகார்தாரருடையது. வண்டி நின்றது என்பது மட்டும் குறையை நிரூபிக்காது. நிபுணர் அறிக்கை வேண்டும். பொருளை முறையான ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்துக்குப் பிரிவு 38இன்கீழ் அதிகாரம் உண்டு, ஆனால் அனுப்புவதற்குப் பாகம் இருக்க வேண்டும் அல்லவா? அரசுப் பொறியியல் கல்லூரியின் எந்திரவியல் துறையையோ, உரிமம் பெற்ற ஒரு வாகன சர்வேயரையோ, எஞ்சின் பிரிக்கும் அன்றே அழைத்துவந்து அறிக்கை வாங்கிவிட்டால், பிறகு எந்த வழியில் போனாலும் அது உங்களுக்குப் பயன்படும். நிறுவனத்தையும் சர்வீஸ் மையத்தையும் சேர்த்தே கடிதத்தில் எதிர்த்தரப்பாக எழுதுங்கள். சம்ப் கழற்றியதைப் பற்றி நீங்கள் சொன்னதால் இது முக்கியம். தொழிற்சாலையில் நேர்ந்ததா, மையத்தில் நேர்ந்ததா என்பது அவர்கள் இருவருக்குமிடையே உள்ள பிரச்சினை.

நண்பர் சொன்ன பேரத்தை நான் மறுக்கவில்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: "முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வாசகம் இருக்கும் தாளில், அவர்கள் தருவது உங்களுக்குப் போதும் என்று உறுதியாகத் தோன்றினாலன்றிக் கையெழுத்திடாதீர்கள்.

கொல்லிமலை அடிவாரம்

பதினெட்டு நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். மின்னஞ்சலும், ஒப்புகையுடன் அஞ்சலும் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். சேஸிஸ் எண், எஞ்சின் எண், இரண்டு ஜாப் கார்டுகளின் எண்ணும் தேதியும், நின்ற இடம், என் கோரிக்கை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதினேன். கோபமாக எழுதியிருந்த இரண்டு பத்திகளை என் மனைவி படித்துவிட்டு அடித்துவிட்டார். ஆறாம் நாள் பதில் வந்தது. நிறுவனத்திலிருந்து ஒரு பொறியாளர் வருவதாகவும், அவர் முன்னிலையில் பிரிப்பதாகவும் சொன்னார்கள்.

நான், என் மெக்கானிக், ஒரு சர்வேயர், நிறுவனப் பொறியாளர், மையத்தின் ஒர்க்ஸ் மேனேஜர் எல்லாரும் இருக்கும்போதுதான் பிரித்தார்கள். டிரெயின் பிளக்கைத் திறந்தபோது 19 லிட்டர் ஆயில் வந்தது. எல்லாரும் பார்க்க அளந்து, அதில் 200 மில்லி லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து முத்திரை வைத்தோம். ஈ.சி.யூவில் ஆயில் அழுத்தம் குறைந்ததாக ஒரு பதிவும் இல்லை. ஐந்தாம் சிலிண்டரின் பிஸ்டன் மட்டும் இரண்டு பக்கமும் உரசி லைனரைப் பிடித்திருந்தது. அதன் ரிங்குகள் கரியில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. மற்ற ஐந்து லைனரிலும் தொழிற்சாலையில் போட்ட குறுக்குக்கோடுகள் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தன. கிராங்க் பேரிங்குகள் வெள்ளையாக, சீராக இருந்தன. ஐந்தாம் ஜெட்டின் முனை, பக்கத்து ஜெட்டுகளோடு ஒப்பிட்டால் வெளிப்பக்கமாகச் சற்றே வளைந்திருந்தது. ஐயா சொல்லியிருந்ததால் கழற்றுவதற்கு முன்பே நான்கு பக்கமும் படம் எடுத்துவிட்டோம். நிறுவனப் பொறியாளர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அவரும் படம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மையத்திலிருந்து வேறொரு விளக்கம் வந்தது: நான் ஊற்றிய சி.ஐ-4 பிளஸ் ஆயிலால் இது நடந்திருக்கலாமாம். இதற்கு என்ன பதில் எழுதுவது?

சங்ககிரிப் பட்டறை

ஒரே சம்ப்பில் இருக்கிற ஆயில்தான் ஆறு ஜெட்டுக்கும் போகிறது. கெட்ட ஆயில் ஐந்தாம் நம்பர் வீட்டை மட்டும் தேடிப்போய்க் கெடுக்காது என்று எழுதுங்கள். அந்தக் கிரேடில் சாம்பல் கூடுதல், அதனால் டி.பி.எஃப் அடைபட வாய்ப்பு உண்டு, அந்த மட்டில் உங்கள் தவறை ஒப்புக்கொள்ளுங்கள். ஜெட்டின் முனையை ஆயில் வளைக்காது. கையோ, கருவியோ, பூட்டும்போது இடித்த கனெக்டிங் ராடோதான் வளைக்கும். முழுதாக விலகியிருந்தால் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே பிடித்திருக்கும். பாதி ஆயில் பட்டுக்கொண்டே இருந்ததால் இவ்வளவு தூரம் தாக்குப்பிடித்தது என்பது என் கணிப்பு. ஆயில் மாதிரியையும் சோதனைக்கு அனுப்புங்கள்: அலுமினியமும் இரும்பும் ஏறி, தூசியைக் காட்டும் சிலிக்கான் குறைவாக இருந்தால் ஏர் ஃபில்டர் வாதத்தையும் இப்போதே அடைத்துவிடலாம்.

முன்னாள் சர்வீஸ் அட்வைசர்

ஜெட்டைத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்பார்கள், அது வழக்கமான நடைமுறைதான். கொடுக்கும்போது எண்ணும் அடையாளமும் போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்ட ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். சி.ஐ-4 பிளஸ் வாதத்தை மையம் எழுதியதா, நிறுவனம் எழுதியதா என்று பாருங்கள். மையம் மட்டும் எழுதியிருந்தால் அது சம்ப் வேலைக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியது. நிறுவனப் பொறியாளரின் மௌனத்தை நீங்கள் கெட்ட சகுனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவருக்குச் சம்பவ இடத்தில் கருத்துச் சொல்ல அனுமதி இல்லை.

கொல்லிமலை அடிவாரம்

முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஆயில் சோதனையில் சிலிக்கான் இயல்பான அளவிலும், அலுமினியமும் இரும்பும் பல மடங்கு அதிகமாகவும் வந்தன. சர்வேயர் அறிக்கையையும் அதையும் இணைத்து இரண்டாவது கடிதம் அனுப்பினேன். நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவின் வரைவையும் வழக்குரைஞர் ஐயா சொன்னபடி உடன் வைத்தேன். பத்து நாளில் மண்டல அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். பிளாக், ஆறு செட் லைனர், பிஸ்டன், ஜெட்டுகள், பேரிங், கேஸ்கட் உட்பட எல்லாப் பாகமும் நிறுவனத்தின் செலவு. கூலியில் பாதி மையம், பாதி நான். பூட்டிய எஞ்சினுக்கு 1 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி, எழுத்தில். டி.பி.எஃப் சுத்தம் செய்யும் செலவு என்னுடையது, அதில் எனக்கு மனக்குறை இல்லை. லோடு மாற்றியதற்கும், நின்ற நாட்களுக்கும் ஒன்றும் தரவில்லை. முழுத் தீர்வு என்ற வாசகத்தை எடுத்துவிட்டு, "பழுதுபார்ப்பு குறித்து மட்டும்" என்று மாற்றச் சொன்னேன். இரண்டு நாள் இழுத்துப் பிறகு மாற்றினார்கள். நின்ற நாட்களின் இழப்புக்கு ஆணையத்துக்குப் போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது.

என் கையிலிருந்து போனது 74,000 ரூபாய் கூலியும் டி.பி.எஃப் செலவும், இரண்டு தவணையும். வண்டி நாளை மறுநாள் வெளியே வருகிறது. முதல் லோடை எவ்வளவு எடையில் எடுக்கலாம், ஐயா?

சங்ககிரிப் பட்டறை

முதல் 2,000 கிலோமீட்டருக்குப் பாதி லோடு போதும், தொப்பூர் ஏற்றத்தில் கியரைக் குறைத்துக்கொண்டு எஞ்சினைத் திணறவிடாமல் ஏற்றுங்கள். ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் லைனரில் உட்காரும். 5,000 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, பழைய ஆயிலில் ஒரு பாட்டிலைச் சோதனைக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு 1,000 கிலோமீட்டருக்கும் டிப் ஸ்டிக் அளவை நோட்டில் எழுதி வையுங்கள். அரை லிட்டருக்கு மேல் இறங்கினால் அன்றைக்கே ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள்.

கொல்லிமலை அடிவாரம்

நோட்டு வாங்கி டேஷ் போர்டில் வைத்துவிட்டேன் ஐயா. ஹொசப்பேட்டையிலிருந்து வரும்போது எழுதுகிறேன்.